பாண்டியில் சைக்கிளை யார் கையில் கொடுப்பது?

பதினாலாயிரம் ரூபாய் சைக்கிளுக்கு ரிப்பேர் செலவு மட்டும் ஐயாயிரம் ஆனது. அதில் மூவாயிரம் சுத்தமாகத் தண்டம். சைக்கிள் இல்லாத நாட்களில் டெம்போவுக்கும் ஆட்டோவுக்கும் கொடுத்ததை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. பாண்டியில் பைக்குக்கு மெக்கானிக் வேண்டுமென்றால் தெருவில் யாரைக் கேட்டாலும் பெயர் சொல்வார்கள். சைக்கிளுக்கு என்று கேட்டால் "பஞ்சரா? அதோ அந்த மரத்தடியில" என்று கை காட்டுவதோடு சரி. பஞ்சருக்கு மேலே ஏதாவது வேலை என்றால் நாமேதான் அலைய வேண்டும். நான் அலைந்து முடித்துவிட்டேன், இனி அலையப்போகிறவர்களுக்குக் கொஞ்சமாவது உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எல்லாம் ஃபெஞ்சல் புயலில் ஆரம்பித்தது. 2024 நவம்பர் 30 இரவு புயல் கரையைக் கடந்தபோது பாண்டியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது நினைவிருக்கும். கிருஷ்ணா நகரில் ராணுவம் இறங்கி ஆட்களை மீட்டது. எங்கள் ரெயின்போ நகர் எப்போதுமே தண்ணீர் நிற்கிற இடம், அன்றைக்குக் கேட்கவே வேண்டாம். அரிசி மூட்டையையும் ஃப்ரிட்ஜையும் மேலே ஏற்றுவதற்கே கை போதாதபோது சைக்கிளை யார் பார்ப்பது, அது கார் நிறுத்துகிற இடத்தில் சீட் வரை சாக்கடை கலந்த தண்ணீரில் நின்றது. வடிந்த பிறகு பார்த்தால் செயின் செம்பழுப்பு, பிரேக் பிடித்தால் திரும்பி வரவில்லை, பெடலைச் சுற்றினால் உள்ளே மணல் அரைபடுகிற சத்தம். நான் நேரு வீதியில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறேன், தினமும் காமராஜர் சாலை வழியாகச் சைக்கிளில்தான் போய் வருகிறேன். உடம்பு குறைக்கவோ சுற்றுச்சூழலுக்காகவோ ஓட்டவில்லை, ஸ்கூட்டர் ஓட்ட எனக்குப் பயம், அவ்வளவுதான். அதனால் வண்டி சீக்கிரம் ஓட வேண்டும் என்கிற அவசரம்.

வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கடை. அந்த வாரம் வாசலில் ஏகப்பட்ட சைக்கிள்கள், எல்லாம் தண்ணீரில் கிடந்தவை. "ஜெனரல் சர்வீஸ் 650 ரூபா, நாளைக்கு வாங்கிக்கோங்க மேடம்" என்றார்கள். மறுநாள் போனபோது சைக்கிள் பளபளவென்று இருந்தது. செயினில் எண்ணெய் சொட்டியது. பைக் கழுவுகிற பிரஷர் பம்பில் கழுவி, எண்ணெய் அடித்து, காற்று பிடித்து வைத்திருந்தார்கள். சக்கரத்தின் நடுவில் இருக்கிற ஹப்பையோ பெடல் அச்சையோ கழற்றவே இல்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது, ஓட்டிப் பார்த்தபோது சத்தமும் குறைந்த மாதிரிதான் இருந்தது. இப்போது தெரிந்ததைச் சொல்கிறேன், வெள்ளத்தில் நின்ற சைக்கிளில் வெளியே தெரிகிற துரு பெரிய விஷயமே இல்லை. சக்கரத்தின் ஹப், பெடல் அச்சு இருக்கிற பி.பி. (பாட்டம் பிராக்கெட்), ஹாண்டில் தண்டு இந்த மூன்று இடங்களிலும் உள்ளே போன தண்ணீர்தான் விஷயம். அங்கே இருக்கிற கிரீஸ் கெட்டுப்போனால் பால்ரஸ் குண்டுகள் மெல்ல மெல்ல அரித்துப்போகும். பிரஷரில் தண்ணீர் அடித்தால் மிச்சமிருக்கிற கிரீஸும் கெடும், அழுக்கும் இன்னும் உள்ளே போகும். ஆகவே யாராவது சர்வீஸ் என்றால் "எதையெல்லாம் கழற்றுவீங்க?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்குப் பதில் மழுப்பலாக வந்தால் கழுவி மட்டும் கொடுக்கப்போகிறார்கள் என்று அர்த்தம்.

பொங்கலுக்கு முன்னால் சத்தம் திரும்ப வந்தது, முன்னைவிட மோசமாக. அதே கடைக்குப் போனேன், 650 கொடுத்திருக்கிறேனே, கேட்க உரிமை இருக்கிறது என்ற எண்ணம். "பி.பி. போச்சு மேடம், மாத்தணும், 1,400 ஆகும்" என்றார்கள். ஒப்புக்கொண்டேன். நான் நின்றுகொண்டிருக்கும்போதே அங்கிருந்த பையன் க்ராங்க்கின் (பெடல் மாட்டியிருக்கிற கை) போல்ட்டைக் கழற்றிவிட்டு, பின்பக்கத்திலிருந்து சுத்தியலால் நாலு போடு போட்டு க்ராங்க்கை வெளியே எடுத்தான். எனக்குப் பக்கென்றது, ஆனால் அவன் செய்கிற வேகத்தைப் பார்த்து இதுதான் முறை போல என்று சும்மா இருந்துவிட்டேன். பிற்பாடு ஒருவர் விளக்கினார். நம் ஊர்ப் பழைய சைக்கிள்களில் க்ராங்க் காட்டர் பின்னில் நிற்கும், அது இரும்பு, அந்தப் பின்னைச் சுத்தியலால் தட்டித்தான் கழற்ற வேண்டும், அதில் தப்பே இல்லை. என்னுடையது மாதிரி கியர் சைக்கிள்களில் வருகிற அலுமினிய க்ராங்க்குக்கு நடுவில் சதுர ஓட்டை, அதை புல்லர் என்கிற சின்ன கருவியை மரையில் திருகித்தான் இழுக்க வேண்டும். அடித்தால் சதுரம் லேசாக வாய் விரியும். விரிந்த பிறகு எவ்வளவு இறுக்கினாலும் கொஞ்ச தூரம் ஓட்டினால் மறுபடி லொடலொடக்கும்.

லொடலொடத்தது. ஒரு சாயங்காலம் ராஜீவ் காந்தி சிலை சிக்னல் பச்சை விழுந்து எல்லாரும் கிளம்புகிற நேரத்தில் இடது பக்க க்ராங்க் பெடலோடு கழன்று காலோடு வந்துவிட்டது. நடு ரோட்டில் விழுந்தேன். முட்டி தேய்ந்தது, சுடிதார் கிழிந்தது, பின்னால் வந்த பஸ் ஹார்ன் அடித்தபடி ஒதுங்கிப் போனது. அடி பெரிதில்லை. ஆனால் அந்த க்ராங்க்கைக் கையில் வைத்துக்கொண்டு சைக்கிளைத் தள்ளி ஓரத்துக்கு வந்தபோது அழுகை வந்துவிட்டது, வலியால் அல்ல, காசும் கொடுத்து நடுத்தெருவிலும் நின்றேனே என்கிற ஆத்திரத்தில். கடையில் போய்க் கேட்டதற்கு "நீங்க ஏறி நின்னு மிதிச்சிருப்பீங்க" என்று பதில். பழைய பி.பி. எங்கே என்று கேட்டேன், காயலான் கடைக்குப் போய்விட்டதாம்.

இதை மட்டும் மறக்காதீர்கள், மாற்றிய பழைய சாமானைக் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். நான் வாங்கியிருந்தால் என் சைக்கிளில் இருந்தது மூடிய கார்ட்ரிட்ஜ் பி.பி., இவர்கள் போட்டது அச்சும் குண்டும் தனித்தனியாக இருக்கிற மலிவு செட், அதுவும் அச்சு நீளம் வேறு என்பது அன்றைக்கே தெரிந்திருக்கும். கார்ட்ரிட்ஜின் மேல் பெரும்பாலும் அளவு அச்சிட்டிருக்கும், 68 என்பது ஃபிரேமின் குழாய் அகலம், அதற்குப் பக்கத்தில் இருப்பது அச்சின் நீளம், இரண்டும் மில்லிமீட்டரில். அச்சு நீளம் மாறினால் முன்னால் இருக்கிற பல்சக்கரம் வெளியே தள்ளி நிற்கும், செயின் சாய்வாக ஓடும், கியர் தானாகத் தாவும். எனக்கு அது எல்லாமே நடந்தது. வேலைக்கு விடும் முன் போனில் நாலு படம் எடுத்து வைத்துக்கொள்வதும் நல்லது, க்ராங்க், பின் ஹப், பிரீவீல் (பின் சக்கரத்துப் பல்சக்கரம்), டயர் ஓரத்தில் இருக்கிற எண். நான் இப்போது நெயில் பாலிஷில் ஒவ்வொரு சாமானிலும் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன். கேட்டால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

அடுத்து பெரிய கடை. கண்ணாடிக் கதவு, ஏசி, வரிசையாக அறுபதாயிரம் எழுபதாயிரம் ரூபாய் சைக்கிள்கள். இங்கேயாவது முறைப்படி செய்வார்கள் என்று நம்பினேன். என்னோடு வந்த தம்பியிடம்தான் எல்லா விளக்கமும் சொன்னார்கள், அவனுக்குச் சைக்கிள் ஓட்டவே வராது. வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள், வேலை செய்கிற இடத்துக்குள் வாடிக்கையாளர் வரக்கூடாதாம். பத்து நாளுக்கு மேல் போன் போட்டால் "லைன்ல இருக்கு மேடம்". கடைசியில் கியர் டியூனிங் என்று 900 ரூபாய் வாங்கிக்கொண்டு, கூடவே ஒரு எஸ்டிமேட் கொடுத்தார்கள், செயின், பிரீவீல், க்ராங்க் செட், பி.பி., இரண்டு ஹப் என்று 6,800. "இதுக்குப் பதிலா எக்ஸ்சேஞ்சுல புதுசு எடுத்துக்கலாம், இதுக்கு ரெண்டாயிரம் போட்டுத் தர்றோம்."

செயின் தேய்ந்துவிட்டது என்று அவர்கள் சொன்னது எனக்கு உறுத்தியது. துரு இருந்தது உண்மை, ஆனால் அதை மாற்றி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இதை வீட்டிலேயே பார்க்கலாம், பையனின் அடிஸ்கேல் போதும். செயினில் ஒரு பின்னின் நடுவில் சைபரை வைத்தால் 12 அங்குலக் கோடு சரியாக இன்னொரு பின்னின் நடுவில் விழ வேண்டும். அந்தப் பின் கோட்டைத் தாண்டி ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளி நின்றால் செயினை மாற்றும் நேரம் வந்துவிட்டது. எட்டில் ஒரு பங்கு தள்ளி நின்றால் பெரும்பாலும் பிரீவீல் பல்லும் சேர்ந்து தேய்ந்திருக்கும், புதுச் செயின் போட்டால் அதில் நழுவும். என் செயின் கோட்டிலேயே நின்றது. அவர்கள் வேண்டுமென்றே சொன்னார்களா, துருவைப் பார்த்துவிட்டு வாய்க்கு வந்ததைச் சொன்னார்களா என்று எனக்குத் தெரியாது. எப்படியும் அளந்து பார்க்காமல் எழுதிய எஸ்டிமேட்தான் அது.

யோசித்துப் பார்த்தால் இரண்டு கடைகளிலும் எனக்கு நேர்ந்தது வேறு வேறு. பெரிய கடையில் ஏமாற்றப் பார்த்தார்கள் என்றே வைத்துக்கொண்டாலும் நஷ்டம் 900தான். பக்கத்துக் கடைப் பையன் என்னை ஏமாற்றவில்லை, அவனுக்கு அந்த வேலை தெரியாது, தெரியாது என்று சொல்லவும் அவனுக்கு வரவில்லை, அதில்தான் எனக்கு இரண்டாயிரமும் போய் முட்டியும் தேய்ந்தது. சைக்கிள் கடையில் நேர்மை என்றால் விலை மட்டும் இல்லை. எந்த வேலை தனக்கு வராது என்று சொல்கிற ஆளா என்பதுதான் எனக்கு இப்போது முதலில் பார்க்க வேண்டியதாகப் படுகிறது.

சரி, நல்ல ஆளை எப்படிப் பிடித்தேன் என்று சொல்கிறேன். கூகுளில் நட்சத்திரம் பார்த்துப் பயனில்லை, அதில் சைக்கிள் வாங்கியவர்கள்தான் எழுதுகிறார்கள், ரிப்பேர் செய்தவர்கள் அல்ல. சைக்கிள் நின்றால் அன்றைய வருமானம் நின்றுபோகிறவர்களைக் கேளுங்கள். பேப்பர் போடுகிற பையன்கள், கேனைக் கட்டிக்கொண்டு டீ விற்கிறவர்கள், வாடகை சைக்கிள் வைத்திருப்பவர்கள். அதிலும் டூரிஸ்ட்டுக்கு வாடகைக்கு விடுகிறவர்கள் ஒரு ரூபாய் கூடக் கொடுக்க மாட்டார்கள், மட்டமான வேலையும் அவர்களுக்குக் கட்டாது, இரண்டு நாளில் வண்டி திரும்பி வந்து நிற்கும். நான் கேட்டது காந்தி சிலைப் பக்கம் டீ விற்கிற ஒருவரிடம். அவர் சைக்கிளின் பின் கேரியரில் அத்தனை பாரம், சக்கரம் துளி ஆட்டமில்லாமல் ஓடுகிறது. "முத்தியால்பேட்டைக்குப் போங்கக்கா, மரத்தடிக் கடை. காலையில போகாதீங்க, ஸ்கூல் பசங்க கூட்டம் இருக்கும், பதினோரு மணிக்கு மேல போங்க" என்றார். வாடகை சைக்கிள் கடை ஒன்றில் கேட்டபோதும் அதே இடத்தைச் சொன்னார்கள். இரண்டு பேர் தனித்தனியாக ஒரே ஆளைச் சொன்னால் போய்ப் பார்க்கலாம்.

முழு வண்டியையும் உடனே ஒப்படைக்கவில்லை. முதலில் பஞ்சர் போடத்தான் போனேன், அடிபட்ட பூனை நான். அவர் டியூபை ஒட்டிவிட்டு உடனே மாட்டவில்லை. டயரின் உள்பக்கம் முழுக்க விரலால் தடவி, குத்தின கண்ணாடிச் சில்லைத் தேடி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அதற்கப்புறம்தான் டியூபை உள்ளே விட்டார். அதை எடுக்காமல் டியூபை மட்டும் ஒட்டிக் கொடுப்பவர்கள் நிறைய, மறுநாள் அதே இடத்தில் மறுபடி குத்தும். காசு வாங்கும்போது அவரே "தங்கச்சி, இந்த க்ராங்க் யாரு கழட்டினது?" என்று கேட்டார். கதையைச் சொன்னேன். யாரையும் திட்டவில்லை. பெடலைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தார், பிறகு ஃபிரேமின் மேல் இரண்டு விரலை வைத்துக்கொண்டு க்ராங்க்கை மெதுவாகச் சுற்றினார். "காதுக்குக் கேக்காதது விரலுக்குத் தெரியும், வச்சுப் பாருங்க" என்றார். வைத்தேன். சன்னமாக ஒரு கரகரப்பு விரல் வழியாக ஏறியது. இதை நீங்களும் செய்து பார்க்கலாம், முன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு அதைப் பிடித்திருக்கிற ஃபோர்க்கைத் தொட்டுப் பாருங்கள்.

விலை கேட்டேன். "தொறக்காம எப்படிச் சொல்றது" என்று சொல்லிவிட்டார். எனக்கு அப்போதே நம்பிக்கை வந்துவிட்டது, இத்தனைக்கும் அதுவரை எல்லாரும் பார்த்தவுடனே விலை சொன்னவர்கள். பின் சக்கரத்தைக் கழற்றி, தினத்தந்தியை விரித்து, அதன் மேல் ஹப்பைத் திறந்தார். உள்ளே கிரீஸ் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தது. தண்ணீர் கலந்தால் இப்படித்தான் ஆகுமாம். குண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவி, வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக உருட்டிக் காட்டினார், சிலவற்றில் ஊசி முனை அளவுக்குக் கறுப்புப் புள்ளி. பின் ஹப்பில் பக்கத்துக்கு ஒன்பது, கால் அங்குலக் குண்டு. முன் ஹப்பில் பக்கத்துக்குப் பத்து, அது கொஞ்சம் சின்னது. கெட்டதை மட்டும் மாற்றினால் போதாதா என்று கேட்டேன், புதுசும் பழசும் கலந்தால் அளவில் மயிரிழை வித்தியாசம் வரும், பாரம் முழுக்கப் பெரிய குண்டின் மேலேயே விழும், குண்டு என்ன விலை, எல்லாத்தையும் மாத்திடலாம் என்றார். குண்டுகள் உருளுகிற கோன் நன்றாக இருந்தது, அதை மாற்றவில்லை. ஹப்பே மாற்ற வேண்டும் என்று எஸ்டிமேட் போட்டார்களே, அந்த ஹப்தான் இது.

க்ராங்க்கை எடுக்கும்போது தகர டப்பாவிலிருந்து புல்லரை எடுத்தார். முன்பு குயிலாப்பாளையம் பக்கம் வேலை செய்தாராம், ஆரோவில்காரர்களின் வெளிநாட்டுச் சைக்கிள்களைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதாகச் சொன்னார். இடது க்ராங்க் மட்டும்தான் கெட்டிருந்தது, முழு செட் வாங்கச் சொல்லவில்லை, வேறொரு சைக்கிளிலிருந்து எடுத்து வைத்திருந்த இடது க்ராங்க்கை நீளம் சரிபார்த்துப் போட்டார். கணக்கு இதுதான்: கார்ட்ரிட்ஜ் பி.பி. 750, பழைய க்ராங்க் 200, குண்டும் கிரீஸும் 180, பிரேக்குக்கும் கியருக்கும் வயர் 320, கூலி 600. மொத்தம் 2,050. பி.பி.யை மட்டும் நானே கடையில் வாங்கி வரச் சொன்னார், பில் என் பெயரிலேயே இருக்கட்டும் என்று. அட்டையில் அளவை எழுதிக் கொடுத்தார். கூலியில் பேரம் பேசாதீர்கள் என்று இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். அரை நாள் குந்தி உட்கார்ந்து செய்த வேலை அது. நூறு ரூபாய் குறைத்தால் அடுத்த தடவை அவரும் நூறு ரூபாய் வேலையைக் குறைப்பார், நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

கடற்கரைப் பக்கம் ஓட்டுகிறவர்களுக்கு அவர் சொன்ன ஒன்றிரண்டு விஷயம். உப்புக்காற்றில் செயினும் வயரும்தான் முதலில் போகும். பீச்சுக்குப் போய்வந்தால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, காய்ந்த துணியால் ஒருமுறை துடைத்து, செயினின் ஒவ்வொரு உருளையிலும் ஒரு சொட்டு எண்ணெய், பெடலைப் பின்னால் சுற்றி ஊறவிட்டு, மேலே வழிவதைத் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் சொட்டச் சொட்ட விட்டால் மணல் ஒட்டி அதுவே அரம் போட்டுத் தேய்க்கும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், நாளானால் பிசுக்கென்று பிடித்துக்கொள்ளும். தையல் மிஷின் எண்ணெய் பரவாயில்லை, ஆனால் மழையில் சீக்கிரம் போய்விடும், அடிக்கடி போட வேண்டும். செயினைக் கழுவ மண்ணெண்ணெய் சரி, அதை ஹப்பின் பக்கம் வழியவிடாதீர்கள், உள்ளே இருக்கிற கிரீஸைக் கரைத்துவிடும்.

கடையின் பெயரைப் போடவில்லை. போடட்டுமா என்று கேட்டதற்கு "இருக்கிற வேலைக்கே கை ரெண்டுதான் இருக்கு தங்கச்சி" என்றார், அந்த மட்டில் விட்டுவிட்டேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிற என் சித்தப்பா மகனுக்கும் இதே பிரச்சினை, அதே மழையில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து அந்தப் பக்கத்தையும் ஒரு வழி பண்ணியதே, அவன் வண்டியும் நனைந்திருந்தது. பேப்பர் ஏஜென்ட்டைக் கேள் என்றேன். கேட்டு, திருப்பாதிரிப்புலியூரில் ஒருவரைப் பிடித்துவிட்டான். அவர் ஹப், பி.பி. எல்லாம் நன்றாகச் செய்து கொடுத்துவிட்டு, வயருக்குப் பதில் எண்ணெயில் இயங்குகிற ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்கை மட்டும் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். அவனுக்குக் கோபம், எனக்கு அந்த ஆள் மேல் மரியாதை. ஆனால் அந்த பிரேக் இன்னும் அப்படியேதான் கிடக்கிறது. முத்தியால்பேட்டை அண்ணனும் வயர் போட்ட டிஸ்க் என்றால் பார்க்கிறேன், எண்ணெய் போட்டதைப் பார்த்ததோடு சரி என்கிறார். டீக்காரரைக் கேட்டால் டிஸ்க் பிரேக் என்றால் என்ன என்று என்னைத் திருப்பிக் கேட்கிறார். பாண்டியிலோ கடலூரிலோ இந்த வேலையைக் கண்ணெதிரில் செய்து கொடுக்கிற யாராவது உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.